காரில் இன்னிசை: விலையா, வேலையா?

மர்பி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் இல்லத்துப் பெரியோர்க்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இந்த மர்பி டவுன். மற்றொன்று, வாயில் விரல் வைத்த குழந்தையின் படத்தோடு விளம்பரம் பெற்ற மர்பி வானொலிப் பெட்டி. இவ்விரண்டிற்கும் ஏதோ உறவு உண்டு என்று எண்ணுவாரும் உளர். உறவு ஏதும் இல்லை. அல்சூரை அடுத்து, முன்பு நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இப்பகுதி, கண்டோன்மென்ட் நகராட்சியில் எஞ்சினீயராக இருந்த டபிள்யூ. எச். மர்பி என்பவரின் பெயரைப் பெற்றது. வானொலி மர்பியோ, 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிராங்க் மர்பி என்பவர் ஈ. ஜே. பவர் என்னும் கூட்டாளியோடு தொடங்கிய நிறுவனம். பெயர் ஒன்று, ஆள் வேறு.

வானொலிப் பெட்டி கூடத்தை விட்டுப் போய் நெடுங்காலம் ஆயிற்று. இன்று நம் குடும்பங்கள் நிதானமாக அமர்ந்து பாட்டுக் கேட்கும் இடம் எது என்று எண்ணிப் பார்த்தால், அது பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். பொங்கலுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நாம் செல்லும் நாலைந்து மணி நேரப் பயணத்தில், பாட்டியும் பேரனும் ஒரே பாட்டை ஒருங்கே கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிட்டுகிறது. வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் நம்மவர்க்கோ, நாள் முழுவதும் துணையிருப்பது அந்தப் பாட்டுத்தான்.

ஆதலால், "காரில் நல்ல ஒலி வேண்டும்; எதை வாங்கலாம்?" என்று அன்பர்கள் நம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். இத்திங்கள் அதற்கு விடை கூற முற்படுகிறோம். விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எதை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி, எப்படிப் பொருத்துவது என்பதே முதற் கேள்வி. செம்மையாகப் பொருத்திய எளிய ஸ்பீக்கர் இனிமையாகப் பாடும். அரைகுறையாகப் பொருத்திய விலையுயர்ந்த ஸ்பீக்கர் வெறும் இரைச்சல் தரும். அத்துடன், தவறாக இழுத்த ஒரே ஒரு ஒயர் காரையே எரித்துவிடவும் கூடும். உழைத்துச் சேர்த்த பணமும், உள்ளே அமரும் பிள்ளைகளின் நலமும் இதில் அடங்கியிருப்பதால், பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

காரும் ஓர் இசையரங்கு

காரில் பாட்டு என்பது புதிய ஆசை அன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு மோட்டரோலா என்று பெயரிட்டனர். ஐரோப்பாவில் 1932இல் புளோபுங்க்ட் நிறுவனம் கொண்டுவந்த கார் வானொலி ஏறத்தாழ 15 கிலோ எடை உடையது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாக் கேசட்டை அறிமுகம் செய்தபின், நாம் விரும்பிய பாட்டை நாம் விரும்பிய நேரத்தில் வண்டியில் கேட்கும் காலம் பிறந்தது.

ஆனால் இவ்வளவு காலமும் காரைப் பாட்டுப்பெட்டி வைக்கும் ஓர் இடமாகவே பலரும் கருதினர். அந்தக் கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஒருவரின் மகன் அவர். 1929இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் குடும்ப வருவாய்க்குத் துணை நின்றார். பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, 1964இல் தம் பெயரால் ஒலிக்கருவி நிறுவனம் தொடங்கினார். 1983ஆம் ஆண்டு மாடல் காடில்லாக் கார்கள் சிலவற்றில் அவருடைய முறை இடம்பெற்றது. அவர் கண்ட உண்மை எளியது. வீட்டுக் கூடத்தில் யார் எங்கே அமர்வார், எந்தச் சுவர் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. காரில் எல்லாம் தெரியும். இருக்கை எங்கே, கண்ணாடி எங்கே, மெத்தை எங்கே என்று அளந்து சொல்லிவிடலாம். ஆகவே காருக்கென்றே ஒலியை வகுக்க முடியும் என்று அவர் துணிந்தார்.

அவருடைய கருவிகளை நாம் வாங்க வேண்டியதில்லை. அவருடைய எண்ணத்தை மட்டும் கடன் வாங்கினால் போதும். கார் என்பது இரும்புத் தகடும் கண்ணாடியும் மெத்தையும் சேர்ந்த ஒரு சிறு அறை. அந்த அறையை ஒழுங்குபடுத்திய பிறகே பாட்டை உள்ளே அழைக்க வேண்டும்.

கதவைக் கவனியுங்கள்

பல கார்களில் முன்பக்க ஸ்பீக்கர், கதவின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அந்தக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று தகர டப்பாபோல் ஒலித்தால், பாட்டு ஒலிக்கும்போதும் அந்தத் தகடு தன் பங்குக்குப் பாடும் என்பது பொருள். நாம் பாட்டுக் கேட்கிறோமா, தகரத்தைக் கேட்கிறோமா என்பதே அறிய இயலாமல் போகும்.

இதை விளக்க நம் மிருதங்கத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதன் வலப்பக்கத் தோலின் நடுவே கரிய பூச்சு ஒன்று இருக்கிறது. இடப்பக்கத் தோலில், கச்சேரிக்கு முன் ரவையை நீரில் பிசைந்து அப்புவர். தோலின்மீது எடை ஏறினால் அதன் அதிர்வு மாறும் என்பதை நம் முன்னோர் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தனர். அதன் இயற்பியலை ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதுபற்றி எழுதினார். 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தபின், 1934இல் மேலும் விரிவாக எழுதினார். வெறுந்தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையா. நடுவிலுள்ள பூச்சு அவற்றைச் சுருதியோடு இசையுமாறு செய்கிறது என்று அவர் காட்டினார்.

கதவுத் தகட்டுக்கும் நாம் செய்ய வேண்டியது எடை ஏற்றுவதுதான். நோக்கம் மட்டும் வேறு. மிருதங்கத்தில் தோல் பாட வேண்டும்; கதவில் தகடு பேசாமல் இருக்க வேண்டும். இதற்கென ஒரு பக்கம் பிசுபிசுப்பான ரப்பரும் மறுபக்கம் அலுமினியத் தாளும் கொண்ட 'டாம்பிங் ஷீட்' கடைகளில் கிடைக்கிறது. கதவின் உட்பலகையைக் கழற்றி, வெளித்தகட்டின் உட்புறத்தை எண்ணெயும் தூசியும் இன்றி நன்றாகத் துடைத்து, இந்தத் தாளை ஒட்டி, சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்றுக் குமிழி உள்ளே இருந்தால் வேலை வீண். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பயன் கிட்டிவிடும். முழுவதும் ஒட்டியே தீரவேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினால், அது விற்பனைக்காகச் சொல்வது என்று கொள்க.

அடுத்து, உட்தகட்டில் இருக்கும் பெரிய துளைகளை அடைக்க வேண்டும். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். இவ்விரண்டும் துளை வழியே கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மத்தள ஒலி மெலிந்துபோவது இதனால்தான். ஆனால் கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளை ஒருபோதும் அடைக்கலாகாது. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். ஸ்பீக்கரின் அடியில் வைக்கும் வளையம் மரத்தூள் பலகையால் ஆனதாக இருந்தால், பெங்களூர் மழையில் அது ஊறிப் பருத்துவிடும். பிளாஸ்டிக் வளையமே நன்று. உட்பலகையைத் திரும்ப மாட்டுமுன் கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்ப்பதும் இன்றியமையாதது.

வாட் என்னும் மாயம்

இனி ஸ்பீக்கருக்கு வருவோம். அட்டைப்பெட்டியின் மீது 300 வாட், 500 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது ஒரு கணநேர உச்சம். சில வேளைகளில் அதுவும் அன்று. நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று சிறிய எழுத்தில் இருக்கும் எண். இடைவிடாமல் தாங்கும் ஆற்றலை அதுவே கூறும்.

ஸ்டீரியோவின் மீதும் 50 வாட் வீதம் நான்கு என்று எழுதியிருப்பது வழக்கம். இதை நம்பலாமா என்பதைக் கணக்கிட்டே அறியலாம். அதன் பின்புறம் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13 முதல் 14 வோல்ட். 15ஐ 13ஆல் பெருக்கினால் 195. அந்தப் பெட்டி உள்ளே வாங்கக்கூடிய ஆற்றலே ஏறத்தாழ 200 வாட். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழியும். அவ்வாறிருக்க, இடைவிடாமல் 200 வாட் வெளியே வருவது எங்ஙனம்? உண்மையில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 15 முதல் 20 வாட் கிடைத்தால் அதுவே மிகுதி.

ஆயினும் வருந்த வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் 'சென்சிட்டிவிட்டி' என்று இன்னோர் எண் உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பதை அது குறிக்கும். 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வாங்கினால், அந்த 3 டெசிபல் ஆம்ப்ளிபயரின் ஆற்றலை இருமடங்கு ஆக்கியதற்குச் சமம். ஆம்ப்ளிபயர் வாங்க வசதி இல்லாதவர், இந்த எண் உயர்ந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

ஸ்பீக்கரில் இரு வகை உண்டு. பெரிய கூம்பும் சிறிய ட்வீட்டரும் ஒரே சட்டத்தில் இருப்பது கோஆக்சியல். இரண்டும் தனித்தனியே இருந்து, இடையே கிராஸ்ஓவர் என்னும் பிரிப்பான் உள்ளது காம்போனென்ட். கதவின் அடியிலிருந்து வரும் மெல்லிய உயர் ஒலிகளை நம் முழங்கால்கள் மறைத்துவிடும். ட்வீட்டரைக் காதின் உயரத்துக்கு அருகே வைக்க இயலும் என்பதால், முன்பக்கத்துக்குக் காம்போனென்ட் சிறந்தது. ஆனால் முன்கண்ணாடியின் இருமருங்கும் உள்ள தூணில் ட்வீட்டரைப் பதிக்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தூணின் உள்ளே மடிந்து கிடக்கிறது. அங்கே துளையிடுவதும், மஞ்சள் நிறக் கப்ளர் உள்ள ஒயரைத் தொடுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

பின்பக்கம் ஸ்பீக்கர் மாற்றுவதில் பணம் செலவிட வேண்டா. கச்சேரியில் பாடகர் நமக்கு முன்னேதான் அமர்கிறார். முதுகுக்குப் பின்னே அமர்வதில்லை. பத்துப் பங்கு பணம் இருந்தால், முன்பக்க ஸ்பீக்கருக்கு நான்கு பங்கு, கதவு வேலைக்கும் ஒயருக்கும் மூன்று பங்கு, ஆம்ப்ளிபயருக்கு மூன்று பங்கு என்று வகுப்பது நம் கருத்து. மொத்தமும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. இத்திங்கள் கதவு, அடுத்த பொங்கலுக்கு ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிபயர் என்று படிப்படியாகச் செல்லலாம். கதவை மட்டும் சீர்செய்து, காரோடு வந்த ஸ்பீக்கரையே கேட்டுப் பார்த்தால், மேலே செலவு வேண்டுமா என்பதே சிலருக்கு ஐயமாகிவிடும்.

இன்னொன்று. இக்காலக் கார்களில் தொடுதிரையோடு பின்புறக் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தான்களும் பிணைந்துள்ளன. அத்திரையைக் கழற்ற வேண்டா. ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒயரிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும் 'ஹை லெவல் இன்புட்' உள்ள ஆம்ப்ளிபயர்கள் கிடைக்கின்றன. நிறுவனம் அமைத்த ஒயரை வெட்டாமல், அந்தக் காருக்கென்றே விற்கும் கப்ளரைக் கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். வெட்டிய ஒயரைக் காரணம் காட்டி, உத்தரவாதத்தை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கொடுக்கலாகாது.

தீ பிறக்கும் இடம்

இந்தப் பகுதியைப் பெட்டியே வாங்காதவரும் படிக்க வேண்டுகிறோம்.

ஆம்ப்ளிபயருக்கு வேண்டிய மின்சாரத்தை ஸ்டீரியோவின் மெல்லிய ஒயரிலிருந்து எடுக்கலாகாது. பேட்டரியிலிருந்து நேரே தனி ஒயர் இழுக்க வேண்டும். 50 வாட் ஆர்.எம்.எஸ். வீதம் நான்கு வழி தரும் பழைய முறை ஆம்ப்ளிபயர், முழு ஆற்றலில் பாதியை வெப்பமாக இழக்கும். எனவே 400 வாட் வரை, அதாவது ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். 'கிளாஸ் டி' வகை அதே வேலைக்கு 20 ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடும். இதற்கேற்ற தடிமனில் ஒயர் வேண்டும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த ஒயர் பலவும் செம்பு அன்று. அலுமினியத்தின் மீது செம்பு பூசியது. அதே தடிமனுள்ள செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அது கடத்தும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது அலுமினியம். உள்ளும் சிவந்திருந்தால் செம்பு.

இந்த ஒயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். "ஆம்ப்ளிபயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். அது ஆம்ப்ளிபயரைக் காக்கும், ஒயரைக் காக்காது. எஞ்சின் அறைக்கும் நாம் அமரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டின் துளை வழியே இந்த ஒயர் உள்ளே வருகிறது. துளையின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. வண்டி ஆட ஆட, ஒயரின் மேலுறை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேயும். ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும். கார் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டவல்லது. பேட்டரியின் அருகே ஃபியூஸ் இருந்தால் அது உருகி, அத்துடன் தீங்கு நீங்கும். இல்லையேல் ஒயர் பழுக்கக் காய்ந்து, அது செல்லும் வழியெல்லாம் உள்ள கம்பளமும் மெத்தையும் பற்றும். ஆகவே இரண்டு காவல் வேண்டும்: துளையில் ரப்பர் வளையம், பேட்டரியின் அருகே ஃபியூஸ். ஃபியூஸின் அளவும் ஒயர் தாங்கும் அளவுக்கு மேற்படலாகாது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதை ஒக்கும்.

எர்த் ஒயரும் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். வண்ணப்பூச்சின் மீது முடுக்கினால் மின்சாரம் ஓடாது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, போல்ட்டால் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூசிவிட வேண்டும். இருக்கை பெல்ட்டின் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது.

எஞ்சினை முடுக்கும்போது ஸ்பீக்கரில் "ங்ஙீ" என்று ஓர் ஓசை கூடவே ஏறுகிறதா? எர்த் சரியில்லை என்றோ, பாட்டைச் சுமக்கும் மெல்லிய ஒயரும் மின்சாரம் சுமக்கும் தடித்த ஒயரும் ஒட்டி ஓடுகின்றன என்றோ கொள்க. ஒன்றை வலப்பக்கமும் மற்றொன்றை இடப்பக்கமும் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.

சுருதி சேர்த்தல்

எல்லாம் பொருத்தியாயிற்று. இனிச் சுருதி சேர்க்க வேண்டும். பல கடைகளில் இந்த வேலைதான் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

முதலாவது, நேரும் எதிரும். வலப்பக்க ஸ்பீக்கரும் இடப்பக்க ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முன்னே வர வேண்டும். ஒன்றில் ஒயர் மாறியிருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். மத்தள ஒலி மறைந்து, பாடகரின் குரல் இடமற்று அலையும். ஒயரை இணைக்குமுன், கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லைப் பெரிய கூம்பின் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும். கூம்பு வெளியே வந்தால், செல்லின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை.

இரண்டாவது, பங்கீடு. சப் ஊஃபர் இருந்தால், ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அதற்கும், மேற்பட்டதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடுவது பொதுவான தொடக்கம். சிறிய கூம்பைப் பெருஞ்சுமையிலிருந்து விடுவித்தால், அது குரலைத் தெளிவாகப் பாடும்.

மூன்றாவது, காலம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஓட்டுநருக்கு வலக்கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும், இடக்கதவு ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். இடப்பக்க ஒலி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு தாமதித்து வரும். மிகச் சிறிய காலமே. ஆயினும் நம் காது அதை உணர்ந்து, பாடகர் வலக்கதவுக்குள் அமர்ந்திருப்பதாக முடிவு செய்துவிடும். 'டைம் அலைன்மென்ட்' வசதி உள்ள கருவியில் வலப்பக்கத்தை அதே அளவு தாமதித்தால், பாடகர் முன்கண்ணாடிக்கு நேரே வந்து அமர்வார்.

நான்காவது, ஆம்ப்ளிபயரில் உள்ள 'கெயின்' திருகு. அது சத்தத்தைக் கூட்டும் திருகு அன்று. பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, கெயினை மெல்லத் திருப்ப வேண்டும். குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்னுக்கு வந்து நிறுத்த வேண்டும். முழுவதும் திருப்பிவைத்தால் ஒலி சிதைந்து, முதலில் ட்வீட்டர் கருகும்.

சோதிக்க எந்தப் பாட்டு என்று கேட்பீர். நீங்கள் நன்கு அறிந்த பாட்டு. கடைக்காரர் போடும் பாட்டு அவர் கருவிக்கு ஏற்றது. நாதஸ்வரம் காதைக் குத்தாமல் ஒலிக்கிறதா, வயலினும் குரலும் தனித்தனியே தெரிகின்றனவா, மிருதங்கத்தின் இருபக்கமும் வேறுவேறாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். 1950களின் திரைப்பாடல்களில் ஆழ்ந்த மத்தள ஒலி பதிவாகவே இல்லை. அதைத் தேடிப் பாஸைக் கூட்டினால் பாட்டு கெடுமே ஒழிய, இல்லாதது வராது. அப்பாடல்களின் உயிர் குரலில் இருக்கிறது. குரல் தெளிவாய் இருந்தால் அமைப்பு நன்று. பலமுறை சுருக்கப்பட்ட கோப்பைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறைகூறுவதும் முறையன்று.

காதும் தெருவும்

நல்ல ஒலி வேறு, பெரிய ஒலி வேறு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுப்படி, பெரியவர் ஒரு வாரத்தில் 80 டெசிபல் ஒலியை 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி. 86இல் 10 மணி. 89இல் 5 மணி மட்டுமே. அந்த அளவில் வைத்துக்கொண்டு ஒருமுறை வேலூர் போய்ச் சேர்ந்தால், ஒரு வாரப் பங்கு ஏறத்தாழ தீர்ந்தது. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு அந்தப் பங்கும் இல்லை. செவியில் ஒருமுறை அழிந்த நுண்ணிய உணர்மயிர்கள் மீண்டும் முளைப்பதில்லை. கதவைச் சீர்செய்வதன் தலையாய பயன் இதுவே: தகரமும் சாலை இரைச்சலும் அடங்கினால், குறைந்த ஒலியிலேயே பாட்டு முழுமையாகக் கேட்கும்.

நம் குடியிருப்பின் தெருக்களோ குறுகியவை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லை வகுத்துள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரவு வேலை முடிந்து வருபவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, நோயுற்ற முதியவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். தெருமுனையிலேயே ஒலியைத் தாழ்த்திவிடுவது, கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அருகருகே வாழும் இந்நகரில் நம் நற்பெயருக்கும் அழகு.

பணம் தருமுன்

பெங்களூரில் கார் உபகரணங்களுக்கு ஜே.சி. சாலையும், மின்னணுப் பொருள்களுக்கு எஸ்.பி. சாலையும் பெயர்பெற்றவை. எங்கே சென்றாலும் பொருளின் விலையையும் பொருத்தும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பொருத்தும் கூலி இலவசம் என்றால், வேலையும் அந்த அளவிலேயே இருக்கும். கூலியைக் குறைத்துப் பேசுவதைக் காட்டிலும், "கதவைக் கழற்றும்போது நான் அருகில் இருப்பேன்" என்று சொல்வதே இலாபம். நல்ல வேலையாள் அதை மறுக்கமாட்டார்; தம் வேலையைப் பார்க்க ஒருவர் வந்தாரே என்று மகிழவே செய்வார். ஞாயிறு மாலை கூட்டத்தில் செல்லாமல், வேலை நாளின் காலையில் செல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் அருகே ஃபியூஸ் இருக்கிறதா என்று கண்ணால் காணுங்கள். துளையில் ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஏற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஓசை ஏதும் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு நெரிசலற்ற சாலையில் ஒருமுறை ஓட்டிச் சென்று கேளுங்கள். நின்ற வண்டியில் எல்லா ஒலியும் நல்ல ஒலியே. இவையெல்லாம் செம்மையாய் இருந்தால், கேட்ட கூலியை மனமுவந்து கொடுங்கள். அது அவர் கைத்திறத்துக்கு உரியது.

இம்முறைகளைப் பின்பற்றிச் செய்து பார்க்கும் அன்பர்கள், தம் அனுபவத்தைச் சங்கத்துக்கு எழுதுவாராக. எந்தச் செலவு பயன் தந்தது, எது தரவில்லை என்று அவர்கள் கூறுவதை, வாங்கக் காத்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்காக இப்பகுதியில் வெளியிடுவோம்.